பறத்தலின் கதை – 9: காற்று நீட்டச் சொல்லும், தரை மடக்கச் சொல்லும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் நகரம். 1983-இல் அங்கே விமான நிலையத்துக்குப் புது முனையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது பெரிய எலும்புகள் தட்டுப்பட்டன. அவை உள்ளூர் அருங்காட்சியகத்துக்குப் போய் நெடுநாள் அங்கேயே இருந்தன. 2014-இல்தான் டேனியல் செப்கா என்ற ஆய்வாளர் அவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடற்பறவை அது. பெயர் பெலகார்னிஸ் சாண்டர்சி. ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை ஆறு மீட்டருக்கும் மேல். ஏழு மீட்டர்கூட இருக்கலாம் என்கிறார்கள்.

இன்றிருக்கும் பறவைகளில் சிறகு விரிப்பு மிக அதிகம் உள்ளது அலைந்து திரியும் ஆல்பட்ராஸ். அதற்கே மூன்றரை மீட்டர்தான். பெலகார்னிஸ் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவு நீளத்தால் ஒரு பறவைக்கு என்ன லாபம்?

இறக்கை எடையைத் தாங்குவது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். கீழே அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. ஆனால் நுனியில் தடுப்பு ஏதும் கிடையாது. கீழேயுள்ள காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலேறி, சுழலாகப் பின்னால் போகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் சக்தி பறப்பவரிடமிருந்துதான் போகிறது. இங்கிலாந்தின் லான்செஸ்டரும் ஜெர்மனியின் பிராண்டலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கணக்காக்கினார்கள். எடையும் வேகமும் மாறாமல் இறக்கை விரிப்பு மட்டும் இரண்டு மடங்கானால், இந்த இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். தொலைதூரம் போகிறவர்களுக்கு நீண்ட இறக்கை ஏன் என்பதற்கு இதைவிட நேரான விடை இல்லை.

அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்வது ஆல்பட்ராஸ். தென்கடலில் அலையை ஒட்டிக் காற்று மெதுவாகவும், மேலே போகப்போக வேகமாகவும் வீசும். பறவை காற்றை எதிர்த்து மேலேறும். உச்சியில் திரும்பி, காற்றோடு சேர்ந்து கீழே சரியும். அலைக்கு மேலே மறுபடி திரும்பி ஏறும். இப்படியே சிறகடிக்காமல் மணிக்கணக்கில் போகும். விரித்த சிறகைத் தோளிலேயே பூட்டிவைக்க ஒரு தசைநாண் இருக்கிறது. விரித்துப் பிடிக்கத் தசை உழைக்க வேண்டியதில்லை. மிதந்து செல்லும் ஆல்பட்ராஸின் இதயத்துடிப்பை அளந்தவர்கள், அது ஓய்வாக இருக்கும்போது உள்ள துடிப்பை ஒட்டியே இருப்பதைக் கண்டார்கள். துடிப்பு எகிறுவது கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான்.

இந்தப் பாடத்தை மனிதரும் கற்றார்கள். 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர், மிதிகட்டையை மிதித்தே ஒரு விமானத்தை ஓட்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பால் மெக்ரெடி வடிவமைத்த அந்த விமானத்தின் எடை 32 கிலோ. இறக்கை விரிப்போ கிட்டத்தட்ட 30 மீட்டர். பெயர் காஸமர் ஆல்பட்ராஸ். ஒரு மனிதக் காலின் வலுவுக்கு ஏற்ற அளவுக்கு அந்த இழப்பைக் குறைக்க, இறக்கையை அவ்வளவு நீட்ட வேண்டியிருந்தது.

நீளம் இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் ஏன் நீட்டிக்கொண்டே போவதில்லை? முதல் தடை எடை. ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நாலு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். நீளும் இறக்கை அடிப்பகுதியில் முறியாமலிருக்க அங்கே வலுவும் கூட்ட வேண்டும்.

மிகச் சிறிய உடல்களில் கணக்கே மாறிவிடும். மிளகாய்ச் செடியின் இலைப்பேனை உருப்பெருக்கியில் பாருங்கள். இறக்கை என்று இருப்பது மெல்லிய ஒரு தண்டும், அதன் ஓரங்களில் வரிசையாக நிற்கும் மயிர்களும்தான். அந்த அளவு உயிருக்குக் காற்று தேன்போலப் பிசுபிசுப்பாகிவிடுவதால், மயிர்களின் இடைவெளியில் அது சுலபமாக நழுவிப் போவதில்லை. முழு ஏடு தேவைப்படாமலே மயிரிறக்கை வேலை செய்துவிடுகிறது.

இரண்டாவது தடை, தரை: இறங்கியதும் நீண்ட இறக்கை இடைஞ்சலாகிவிடும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தட்டானின் உறவுப் பூச்சியான மெகானியூரா வாழ்ந்தது. பிரான்சில் கிடைத்த அதன் புதைபடிவத்தில் இறக்கை விரிப்பு 65 சென்டிமீட்டருக்கு மேல். அன்று காற்றில் ஆக்சிஜன் அதிகம் இருந்தது, துரத்தப் பறவைகள் இல்லை என்று அந்த அளவுக்குக் காரணம் சொல்கிறார்கள். ஆனால் தட்டான் வகையால் இன்றும் இறக்கையை முதுகோடு மடக்க முடியாது. மடக்கக் கற்றவை வேறு பூச்சிகள். தென்னந்தோப்பின் காண்டாமிருக வண்டு, பறக்கும் இறக்கையை மடித்துக் கெட்டியான மேலுறைக்குள் வைத்துக்கொண்டு தென்னங்குருத்தைத் துளைத்து உள்ளே போகிறது. விரித்த இறக்கையோடு அந்த வாழ்க்கை நடக்காது. மரங்களுக்கிடையே இரையைத் துரத்தும் வல்லூறுக்குக் குட்டையான, வட்டமான சிறகு அமைந்ததும் இடம் பார்த்துத்தான்.

விமானங்களுக்கும் இதே நெருக்கடி. விமான நிலையங்கள் இறக்கை விரிப்பை வைத்து விமானங்களை வகை பிரிக்கின்றன: ஒரு வகைக்கு 65 மீட்டருக்குள், அடுத்த வகைக்கு 80 மீட்டருக்குள். ஏர்பஸ் ஏ380-இன் விரிப்பு 79.75 மீட்டர்; வரம்புக்குக் கால் மீட்டர்தான் குறைவு. 2020-இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 777எக்ஸ் வேறு வழி கண்டது. வானில் அதன் விரிப்பு 71.75 மீட்டர். இறங்கியதும் இரு நுனிகளையும் மேல்நோக்கி மடக்கி 64.85 மீட்டராகிறது, சிறிய வகை நிறுத்துமிடங்களிலேயே நின்றுகொள்கிறது. பூச்சிகளுக்கு எப்போதோ கிடைத்த தீர்வு இப்போதுதான் பயணிகள் விமானத்துக்கு வந்திருக்கிறது.

காற்றுக்கும் தரைக்கும் இடையிலான இந்தப் பேரம் முடிந்துபோன ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சான்று இருக்கிறது. அங்கே தகைவிலான் இனப் பறவைகள் சாலைப் பாலங்களுக்கு அடியில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. சார்ல்ஸ் பிரவுன், மேரி பிரவுன் என்ற ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாக, வண்டியில் அடிபட்டுச் செத்த பறவைகளைப் பொறுக்கியெடுத்து அளந்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: பறவைகள் பெருகியும் அடிபடுவது குறைந்துகொண்டே வந்தது, அடிபட்டவற்றின் சிறகு மற்றவற்றைவிட நீளம், பிழைத்திருக்கும் கூட்டத்தின் சராசரிச் சிறகு நீளமோ குறைந்திருந்தது. சாலையிலிருந்து சட்டென்று செங்குத்தாக எழும்பக் குட்டைச் சிறகு உதவுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

ஒரு பறவையின் சிறகு நீளத்தை இயற்கை மட்டும் தீர்மானித்த காலம் போய்விட்டது. இப்போது நாம் போடும் சாலையும் அதில் கைவைக்கிறது. ஒரு மனித ஆயுளில் பாதிக்குள்ளேயே ஒரு கூட்டத்தின் சிறகு மாறுகிறதென்றால், பாலமோ காற்றாலையோ எழுப்பும்போது அங்கே பறப்பவர்களின் அளவையும் கணக்கில் சேர்ப்பது நம் கடமை.

அடுத்த வாரம்: இறங்குவது ஏன் பறப்பதைவிடக் கடினம்?

(தொடரும்)