திருந்துவானா என்று விசாரித்தவர் யார்?

தூக்குத் தண்டனை பெற்றவர் கருணை மனுவை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு கெடு விதித்திருப்பதைக் கேள்வியுற்று, அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் கந்தர்வகோட்டையிலிருந்தும் எழுதிய வாசகர்களில் பலர், தீர்ப்பு வந்த முப்பதாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடுமா என்று கலங்கிக் கேட்டிருக்கிறார்கள். முடியாது. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடியான செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்கும் நாளிலிருந்தோ, மேல்முறையீடே செய்யாமல் அவகாசம் கழிந்த செய்தியைத் தெரிவிக்கும் நாளிலிருந்தோதான் அந்த நாட்கள் எண்ணப்படும். ஆனால் என் மனத்தை வாட்டுவது இந்தக் கடைசிப் படியன்று, தண்டனை விதிக்கும் முதற்படி.

2020-இல் நம் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையுண்ட வழக்கில், சம்பவம் நடந்து ஆறே மாதத்தில், டிசம்பர் 29 அன்று, புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. இத்தகைய வேகத்தைத் 'துரித நீதி' என்று சர்க்கார் வட்டாரத்தில் சொல்வார்கள். சாட்சிகளை இழுத்தடிக்காமல் விசாரிப்பது அதற்குப் பொருளானால் நான் மனமார வரவேற்கிறேன். குற்றத்தை நிரூபித்தவுடன் தண்டனையும் தானே தீர்மானமாகிவிடுகிறது என்பது பொருளானால், அதை ஏற்க என் மனம் இடம் தரவில்லை.

ஏனெனில் சட்டம் இரண்டாவது விசாரணை ஒன்றைக் கட்டளையிடுகிறது. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனையைக் குறித்து அவனைக் கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2)-ஆம் பிரிவு, இன்றைய சன்ஹிதாவில் 258(2). நான் நீதிமன்றங்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்: 'குற்றவாளி' என்ற சொல் காதில் விழுந்த திகைப்பு நீங்குமுன்பே கூண்டில் நிற்பவனிடம் அந்தக் கேள்வி வரும், வக்கீலின் முகத்தைப் பார்த்துவிட்டு, வயதான தாயார் இருக்கிறார், குறைந்த தண்டனை கொடுங்கள் என்பான், தட்டச்சில் அது ஒரு வரி. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், குற்றவாளி திருந்தமாட்டான் என்பதைச் சாட்சியத்தோடு காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், அவன் எப்படி வளர்ந்தான், என்ன படித்தான், மனநிலை எத்தகையது, சிறையில் எப்படி நடந்துகொள்கிறான் என்று விசாரித்து எழுத, பல வழக்குகளில் ஒருவரும் முன்வரவில்லை. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, சிறை நடத்தைக் குறிப்பு, மனநல மதிப்பீடு ஆகியவற்றைத் தண்டனைக்கு முன் வரவழைக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 மே மாதத்தில், மனோஜ் வழக்கில்தான் பிறந்தது. புதுக்கோட்டைத் தீர்ப்பும் அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்ததும் அந்த உத்தரவுக்கு முந்தியவை. அவ்விதம் விசாரிக்கப்படாமல் தூக்குத் தண்டனை பெற்றவர்கள், அரசியலமைப்பின் 32-ஆவது ஷரத்தின்கீழ்த் திரும்பி வந்து கேட்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது.

இந்த இரண்டாவது விசாரணையைக் குற்றவாளிக்குக் காட்டும் தயவு என்று நினைப்பவர்கள், சென்னையை அடுத்த முகலிவாக்கத்துச் சிறுமியின் கொலை வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரியில், குற்றஞ்சாட்டப்பட்டவனைக் குற்றவாளி என்று அறிவித்த அன்றே செங்கல்பட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாட்சியங்கள் குற்றத்தை நிரூபிக்கவில்லை என்று அவனை விடுவித்ததோடு, அவனுடைய வக்கீலுக்குப் போதிய அவகாசம் தரப்படாததையும், அறிக்கை எதுவும் வரவழைக்காமல் அன்றே தண்டனை விதித்ததையும் குறை கூறியது. அந்த அவசரம் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு எட்டாண்டு கழித்து என்ன தந்தது?

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தூக்கிலிடலாமா? கூடாது.

ஆயுள் தண்டனை 14 ஆண்டுதானா? இல்லை, ஆயுள் முழுவதும். கொலைக் குற்றத்தில் 14 ஆண்டு கழியுமுன் சர்க்கார் தண்டனையைக் குறைத்து விடுவிக்க முடியாது என்பதே அந்த எண்ணின் பொருள்.

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தூக்கு எப்போது வந்தது? 2019 திருத்தத்தில்.

கருணை மனுவை ஜனாதிபதி நிராகரித்தால் நீதிமன்றம் போகலாமா? கூடாது என்கிறது 472. ஆனால் தாமதம் முதலிய காரணங்களால் 2014-இல் 15 பேரின் தூக்கை ஆயுளாக மாற்றிய உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒரு பிரிவு பறித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது எப்போது? 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு.