பூட்டிய கோப்பைப் படிக்க வரும் கிராலர்

அலுவலகத்தின் உள்தேடலில் 'விடுப்பு விதிகள்' என்று தட்டியதும் பதில் வந்துவிடுகிறது. கிராலர் என்ற நிரல் முன்பே சர்வரிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்திருப்பதே காரணம். பூட்டிய கோப்பென்றால் சர்வர் 401 என்ற மறுப்புக் குறியீட்டைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தும். கிராலர் தன்னை யாரென்று காட்டியாக வேண்டும்.

பழைய வழி 'பேசிக்'. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 வடிவில் போகும். அது பூட்டே அல்ல. யாரும் நொடியில் பிரித்துப் படிக்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. (இதன் தரநிலை ஆவணத்தில் உதாரணப் பயனர் அலாவுதீன், கடவுச்சொல் 'திறந்திடு சீசேம்'. அலிபாபா வழக்குப் போட்டிருக்கலாம்.)

விண்டோஸ் வலையமைப்புகளில் கெர்பரோஸ் மேல். 1980களில் எம்.ஐ.டி.யில் பிறந்த இது, கடவுச்சொல்லை அனுப்பாமல் டிக்கெட் கொடுத்து உள்ளே விடும். டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக ஓடினால் டிக்கெட் செல்லாது. நேற்றுவரை ஓடிய கிராலர் இன்று எல்லா இடத்திலும் முட்டிக்கொண்டு நின்றால், கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

உண்மையான தலைவலி, லாகின் படிவம் வைத்த தளங்கள்தான். அவற்றில் பல 401 சொல்வதில்லை. லாகின் பக்கத்தைக் காட்டி, 'எல்லாம் சரி' என்று 200 தருகின்றன. கிராலரும் அதே பக்கத்தை ஆயிரம் கோப்புகளின் பெயரில் அட்டவணையில் ஏற்றிவிட்டுப் போகும். படிவத்தை நிரப்பி, குக்கியை வாங்கிக்கொண்டு நுழையக் கற்றுத்தந்தாலும் ஆபத்து தீராது. கண்ணில் படும் இணைப்பையெல்லாம் தொடர்வது அதன் சுபாவம்; 'லாக் அவுட்' இணைப்பையும் தொடரும். விலக்குப் பட்டியலில் அதை முதலில் சேர்க்க வேண்டும்.

எந்த வழியானாலும் கிராலர் நுழையும் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அவசரத்தில் நிர்வாகி கணக்கைக் கொடுப்பவர்கள் உண்டு. ஷேர்பாயிண்ட் என்ற ஆவணத் தளத்தில் அப்படிச் செய்தால் வெளியிடாத வரைவுகளும் அட்டவணைக்குள் வந்துவிடும்.

கிராலர் கோப்போடு அதைப் படிக்க உரிமை உள்ளவர்களின் பட்டியலையும் குறித்துக்கொள்கிறது. தேடுபவருக்கு உரிமை இல்லாதது அதைக் கொண்டே மறைக்கப்படுகிறது. ஆனால் அது கிராலர் வந்துபோன நேரத்துப் பட்டியல். காலையில் ஒருவர் பெயரை நீக்கினாலும், கிராலர் மறுபடி வரும்வரை அவருடைய தேடலில் கோப்பின் தலைப்பு தெரியும். சொடுக்கினால் திறக்காது, அவ்வளவுதான். 'ஆட்குறைப்பு: இறுதிப் பட்டியல்' போன்ற கோப்புக்குத் தலைப்பே போதுமே.