பாட்டுப் பொம்மை வாங்குறீங்களா? பேட்டரி மூடியைப் பாருங்க! பாதிப் பொம்மையைப் பரணில் போடுங்க!

சென்னை,

மாலை 6 மணி. தியாகராயநகர் ரங்கநாதன் தெரு. ஆபீஸ் விட்ட கூட்டம் மாம்பலம் ரெயில் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறது.

"பட்டனை அமுக்கினா பாடும் சார்! கீழே விட்டா ஆடும் சார்!"

நடைபாதை வியாபாரியின் குரல் கேட்டதும் அப்பாக்களின் கால் தானாக நிற்கும். வீட்டில் 2 வயது வாண்டு வாசலைப் பார்த்தபடி காத்துக் கிடக்கிறதே! பேரம் முடிகிறது. பொம்மை டிபன் பாக்ஸ் பைக்குள் போகிறது.

அன்று ராத்திரி வீடு முழுக்க ஒரே பாட்டு. நாலாம் நாள்? பொம்மை கட்டிலுக்கு அடியில்! வாண்டு சமையல் கட்டில் உட்கார்ந்து டம்ளரைக் கரண்டியால் தட்டிக் கொண்டு இருக்கும்!

காசு போனால் போகட்டும். அந்தப் பாட்டுப் பொம்மைக்குள் உயிருக்கு உலை வைக்கும் பொருளும் இருக்கலாம். இது பற்றிய விவரம் வருமாறு:-

திருகாணி எங்கே?

பாடும் சின்னப் பொம்மைகள் பலவற்றில் காசு போல வட்டமான, தட்டையான பேட்டரி இருக்கும். மூடி கழன்றால் போச்சு! குழந்தை எடுத்து வாயில் போட்டுக் கொள்ளும்.

அது உணவுக் குழாயில் சிக்கினால் எச்சில் பட்டு மின்சாரம் பாய ஆரம்பிக்கும். சிக்கிய இடம் வெந்து போகும். 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். உயிரே போகவும் கூடும். பாட்டு நின்று போன பழைய பேட்டரிதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அதிலும் சுடுகிற அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

எனவே பொம்மையின் முகத்தைப் பார்க்கும் முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் திறக்கிற மூடியா? அந்தப் பொம்மை வேண்டவே வேண்டாம்.

விழுங்கி விட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் 108-க்குப் போன் செய்ய வேண்டும். வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

முத்திரை உண்டா?

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே அட்டைப் பெட்டியில் முத்திரையைத் தேடுங்கள். பெட்டியே இல்லாமல் விற்கிற பேட்டரிப் பொம்மை என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சின்னச் சின்னத் துண்டாகக் கழன்று வரும் பொம்மை ஆகாது. 10 ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிய துண்டு கூடத் தொண்டையை அடைத்து விடும். பனை ஓலைக் கிலுகிலுப்பை நல்லதுதான். ஆனால் ஓலை பிய்ந்தால் உள்ளே உள்ள விதை வெளியே வந்து விடும். அப்போதே தூக்கிப் போட்டு விட வேண்டும்.

பாட்டுப் பொம்மையை உங்கள் காதோரம் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே காது கூசினால் பச்சைக் குழந்தையின் கதி என்ன? ஏற்கனவே வாங்கியாச்சா? சத்தம் வரும் ஓட்டை மேல் டேப் ஒட்டி விடுங்கள். சத்தம் அடங்கும்.

பொம்மை பேசினால் அம்மா பேச்சு குறைகிறது

2016-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியானது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரை அவர்களின் பெற்றோருடன் விளையாட வைத்துப் பார்த்தார்கள். பேசுகிற, பாடுகிற பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய வார்த்தைகள் குறைந்து போயின. படப் புத்தகம் இருந்தபோது பேச்சு பெருகியது. மழலை பேசக் கற்றுக் கொள்வது அம்மா, அப்பா வாயைப் பார்த்துத்தானே?

தானே பாடுகிற பொம்மையை விட, குழந்தை தட்டினால் சத்தம் வருகிற பொம்மையே மேல். கிலுகிலுப்பை, சின்ன மேளம், ஏன், அந்த எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கூடப் போதும். அதற்குத் தாளம் போட்டு அம்மா ஒரு பாட்டுப் பாடினால் அதுதான் கச்சேரி!

4 பெரிதா? 16 பெரிதா?

நாலே நாளில் பொம்மை ஏன் சலிக்கிறது? அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018-ல் இதற்குப் பதில் சொன்னார்கள். ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரை உள்ள 36 குழந்தைகளை, ஒரு தடவை 4 பொம்மைகளோடும் இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 16 இருந்தபோது குழந்தைகள் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவின. 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றையும் அதிக நேரம், விதம் விதமாக வைத்து விளையாடின.

ஆக, கோளாறு பொம்மையில் இல்லை. குவியலில் இருக்கிறது!

செய்ய வேண்டியது சுலபம். வெளியே 4 அல்லது 5 பொம்மைகள் போதும். கட்டிப் பிடிக்க ஒன்று, அடுக்க ஒன்று, இழுக்கவோ தள்ளவோ ஒன்று, தட்டிச் சத்தம் எழுப்ப ஒன்று, ஒரு படப் புத்தகம். மீதியைத் துணிப்பையில் கட்டிப் பரணில் போடுங்கள். வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக் கொள்ளுங்களேன், இதை ஏற்றி அதை இறக்குங்கள். இறக்கும்போது துடைத்து, உடைசல் இருக்கிறதா, மூடித் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து விட்டுக் கொடுங்கள்.

தூங்கும்போது கட்டிக் கொள்ளும் பொம்மையை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். ராத்திரி வீட்டில் யாரும் தூங்க முடியாது!

அடுத்த தடவை ரங்கநாதன் தெருவில் கால் நின்றால், வீட்டுப் பரணை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கண்ணில் படாத பழைய பொம்மை இறங்கி வந்தால், வாண்டுக்கு அது புதுப் பொம்மைதான். செலவு? சல்லிக் காசு கிடையாது!