கோடு பொய் சொல்லாது

அருவ ஓவியங்கள் கோலோச்சிய காலத்திலும், ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரைவதை விடாமல் தொடர்ந்தவர்கள் சிங்கப்பூரில் இருந்தனர். 1987ல் உருவான ‘குரூப் 90’ ஓவியக் குழு அத்தகையது. அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர், ஓவிய ஆசிரியர் எஸ். நமசிவாயம் (1926-2013).

அருவ ஓவியத்தில் கோடு பிசகினால் பலருக்குத் தெரியாது. உடலை வரைகையில் தோள் சற்று இறங்கினாலும் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, முதுகு எங்கே வளைகிறது என்பதை, எதிரே நிற்பவர் நிலை மாறுவதற்குள் கை பிடித்துவிட வேண்டும்.

அக்குழுவில் இருந்த சிற்பி இங் எங் டெங், தம் படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்திற்கு அளித்தார். மனித உருவமே அவருக்குப் பிடித்த கரு.

பிள்ளைகளுடன் இத்தகைய படைப்புகளைப் பார்க்கக் கூச்சமா? கோயில் தூண் சிற்பங்களைக் கண்டு நாம் முகம் திருப்புவதில்லையே!