டிவி இணைப்பும் கடவுச்சொல்லும்

தோட்டத்து லயங்களில் கூரைத் தகரம் பழையதாகவே இருக்க, உள்ளே இருக்கும் பொருட்கள் மாறி வருகின்றன. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போன மகளோ, கொழும்பில் கடை வேலை செய்யும் மகனோ வாங்கித் தந்த ஸ்மார்ட் டிவி, கைத்தொலைபேசியில் தட்டினால் எரியும் மின்குமிழ், தூரத்திலிருந்தே நிறுத்தக்கூடிய பிளக் ஆகியவற்றை நான் பணிபுரியும் ஹல்துமுல்லைப் பகுதியிலும் காண்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய சகோதரிகளின் வீடுகளுக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் வழியாக இவை வருவதை நீங்களும் அறிவீர்கள். வாங்கி அனுப்பியவர் எங்கோ இருக்கிறார். பழுது வந்தால் திகைத்து நிற்பவர் வீட்டில் தனியே இருக்கும் பெண். பழுது பார்ப்பவரை அழைத்தால் கூலி ஒருபுறம். கணவர் இல்லாத வீட்டில் அவர் இரண்டு மணித்தியாலம் இருந்தால் அயலில் என்ன பேசுவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கோஸ்லாந்தைப் பக்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 1983 வன்செயலில் பெற்றோர் அவரைக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். அங்கே போரில் கணவரை இழந்து, மீண்டும் மலைக்குத் திரும்பியவர். கட்டாரில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, ஒரே தட்டில் விளக்கும் டிவியும் சேர்ந்து இயங்கும்படி கைத்தொலைபேசியில் ஒழுங்கு செய்து கொடுத்தாள். அவள் போன சில நாட்களில் விளக்கு மட்டும் எரிந்தது. டிவி "இணைப்பில் இல்லை" என்றது. டிவி பழுதென்றே அக்கா முடிவு கட்டியிருந்தார்.

உண்மையில் விடை அந்த விளக்கிலேயே இருந்தது. விளக்கும் டிவியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. விளக்கு சொற்கேட்கிறது என்றால் ரூட்டர் வேலை செய்கிறது. தடை டிவியின் பக்கத்தில்தான். பின்னால் பார்த்தோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க டிவியை ஸ்மார்ட் பிளக்கில் செருகியிருந்தார்கள். அது இரவு பத்து மணிக்குத் தானாக நின்றுவிடும். மின்சாரம் முற்றாக நின்ற டிவிக்கு வைஃபையும் இல்லை, கைத்தொலைபேசியின் கட்டளையைக் கேட்கக் காதும் இல்லை. டிவியை நேரடியாகச் சுவரில் செருகி, அதன் அமைப்புகளில் காத்திருப்பு நிலையிலும் வலையமைப்பு இயங்கும்படி மாற்றியதும் சரியாயிற்று. காத்திருப்பில் இருக்கும் டிவிக்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சொற்பம். (இடி மின்னல் நேரத்தில் மட்டும் கழற்றிவிடுங்கள். எங்கள் மலையில் அது கட்டாயம்.)

பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் உங்களில் பலர். மின்சாரம் எங்கே பிறந்து, எந்தக் கம்பி வழியே போகிறதென்று அன்று கண்டறிந்தீர்களே, அதே அறிவுதான் இதற்கும் வேண்டும்.

விளக்கும் டிவியும் இரண்டுமே இயங்காவிட்டால் ரூட்டரைப் பாருங்கள். இங்கே பலரும் கைத்தொலைபேசியில் முகநூல் திறக்கிறதா என்று பார்த்து, "நெட் இருக்கிறது" என்கிறார்கள். அது தொலைபேசியின் சொந்த டேட்டாவாக இருக்கலாம். அதை நிறுத்தி, வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்துச் சோதியுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் டேட்டா முடிந்திருக்கலாம். சில பொதிகளில் பகலுக்கும் இரவுக்கும் கணக்கு வேறு. சிம் போடும் ரூட்டரைத் தகரச் சுவருக்கு அருகில் வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த யன்னலில் வையுங்கள்.

மின்வெட்டுக்குப் பின் டிவி இணைய மறுப்பது சகஜம். 2022 மார்ச் மாதத்தில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் நாங்கள் நன்கு பழகிய தொல்லை இது. ரூட்டர் எழுந்து வலையைப் பிடிக்கச் சில நிமிடங்களாகும். டிவி அதற்குமுன் தேடிப் பார்த்துக் கைவிட்டுவிடுகிறது. ரூட்டரின் விளக்குகள் நிலைத்த பின் டிவியைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். வைஃபை இணைந்தும் எந்தப் படமும் ஓடாவிட்டால் டிவியின் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். அவை பிழைத்திருந்தால் பாதுகாப்பான இணையத் தளங்கள் திறக்க மாட்டா. ரூட்டரில் 2.4, 5 என இரண்டு வைஃபைப் பெயர்கள் தெரிந்தால், மலிவான மின்குமிழ்களும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4இல் மட்டுமே சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். "விருந்தினர்" என்ற பெயரிலுள்ள வைஃபையில் டிவியைப் போட்டால் தொலைபேசியால் அதைக் காண முடியாமல் போகலாம்.

மழைக்காலத்தில் மட்டும் இந்த இணைப்பை நம்பியிருக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை மண்சரிவு லயங்களை மூடியது இந்த ஹல்துமுல்லைப் பிரதேசத்தில்தான். மழை பலத்தால் மின்சாரமும் கோபுரமும் முதலில் போகும். எச்சரிக்கையைக் கேட்கப் பற்றரி வானொலி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இந்தச் சாதனங்களெல்லாம் ஒரு கணக்கின் கீழ் இயங்குகின்றன. அந்தக் கணக்கு யாருடையதோ, அவர் எங்கிருந்தும் உங்கள் விளக்கை அணைக்கலாம். கமரா பூட்டியிருந்தால் வீட்டுக்குள் பார்க்கலாம். மகள் என்றால் பரவாயில்லை. பிரிந்து போன கணவரோ, ஒருநாள் உதவிக்கு வந்த இளைஞரோ என்றால்? கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த உங்களுக்கு அதன் பாரம் புரியும். கணக்கை உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசி இலக்கத்தில் திறக்கச் சொல்லுங்கள். பழுது பார்த்தவர் போனதும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு கணக்கில் நுழைந்துள்ள தொலைபேசிகளின் பட்டியலைப் பார்த்து, தெரியாததை நீக்குங்கள். யாராவது இவற்றைக் கொண்டு மிரட்டினால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அக்கா தன் கடவுச்சொல்லைத் தானே தெரிவு செய்து, அரிசி அட்டைக் காலத்துப் பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கட்டாரில் உள்ள மகளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாராம். எனக்குச் சொல்லவில்லை.