விலாசம் கேட்டால் தலைகுனியும் பிள்ளை

பிள்ளையின் உடல் மெலிந்தால் தாய் உடனே கண்டுகொள்கிறாள். உள்ளம் மெலிந்தால் கண்டுகொள்வோர் சிலரே. காய்ச்சலுக்குக் கைவைத்துப் பார்க்க நெற்றி உண்டு. கவலைக்கு அப்படியோர் இடமில்லை. ஆதலினாலேயே பிள்ளைகள் படும் மனத்துயர்களுட் பல "பிடிவாதம்" என்றும், "சோம்பல்" என்றும், "படிப்பிற் கவனமில்லை" என்றும் பெயர் பெற்றுவிடுகின்றன. அத்தகைய துயர்களுள் ஒன்றை இவ்வாரம் நம் குடும்பப் பகுதியில் எடுத்துக்கொள்வோம். தன் வீட்டைப் பற்றி, தன் பெற்றோரின் தொழிலைப் பற்றி, தன் ஊரின் பெயரைப் பற்றிப் பிள்ளை கொள்ளும் வெட்கமே அது.

இந்த வெட்கம் எங்கும் உண்டு. எனினும் அதன் முழு உருவத்தையும் காண விரும்புவோர் கண்டி நகரின் மஹய்யாவவை நினைத்துப் பார்க்கலாம்.

நகரைத் துலக்கும் கைகள்

நகர மத்தியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதியிற் செல்வோர் சிறிது தூரத்தில் மஹய்யாவவை அடைவர். மயானத்தால் அறியப்பட்ட இடம் அது. பல இனத்தவரும் பல தொழில் செய்வோரும் அங்கே வாழ்கின்றனர். ஆயினும் அப்பெயரைக் கேட்டதும் கண்டி மக்கள் மனத்தில் முதலில் எழுவது மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பே. நெருக்கமான லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே உள்ளன.

கண்டி மாநகர சபை 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தோன்றியது. ஆங்கிலேயர் ஆட்சியில் நகரைத் துப்புரவு செய்யும் வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இக்குடும்பத்தினர். 1988 இல் உலக மரபுரிமை நகரமென யுனெஸ்கோ கண்டியைப் பட்டியலிற் சேர்த்தது. பெரஹராவைக் காணக் கூடுவோர் விட்டுச் செல்லும் குப்பையனைத்தும் மறுநாட் காலையில் மறைந்துவிடுவதை நாம் வியப்பதில்லை. அது தானே நிகழ்வதுபோல எண்ணிக்கொள்கிறோம். அந்தக் காலைகளுக்குப் பின்னால் உறக்கம் துறந்த கைகள் இருக்கின்றன. அக்கைகளுக்கு உரியோரின் பிள்ளைகளும் பாடசாலைக்குச் செல்கின்றனர். வகுப்பிலே, "எங்கே வீடு? அப்பா என்ன வேலை?" என்று கேட்கப்படும்போது அப்பிள்ளைகளின் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதே நம் கேள்வி.

இது வெறும் கற்பனைக் கவலையன்று. பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியற் பேராசிரியர் காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகிய மூவரும் பதிப்பித்து 2009 இல் வெளிவந்த நூலொன்று, இலங்கையிற் சாதிப் பாகுபாடு மறைந்து நின்று இயங்கும் விதத்தை ஆராய்கிறது. கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளரின் நிலை அந்நூலில் தனியாகவே ஆராயப்பட்டுள்ளது. தொழிலின் பெயராலும் பிறப்பின் பெயராலும் ஒருவரைத் தள்ளிவைக்கும் வழக்கம் சட்டப் புத்தகத்தில் இல்லாவிடினும், பார்வையிலும் பேச்சிலும் அது உயிரோடிருக்கிறது. பிள்ளைகள் சட்டப் புத்தகம் படிப்பதில்லை, பார்வையைத்தான் படிக்கின்றனர்.

மௌனம் என்னும் பழைய கேடயம்

இத்தகைய வீடுகளிற் பெற்றோர் பெரும்பாலும் இதனைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொகை பிரித்தது. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்க 2003 இல் மற்றுமொரு சட்டம் வேண்டியிருந்தது. பத்திரமும் உரிமையும் உறுதியில்லாத காலத்தில் வாழ்ந்த பாட்டனார்க்கு, "யார், எவர்?" என்ற கேள்வியே அச்சமூட்டுவதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பதே அன்று பாதுகாப்பு.

ஆனால் பாட்டனார்க்குக் கேடயமாக நின்ற மௌனம் பேரனுக்கு வேறு பொருள் தருகிறது. "நம்மைப் பற்றி நம் வீட்டாரே பேச விரும்பவில்லை, ஆகவே நம்மிடம் ஏதோ குறை இருக்கிறது" என்று அவன் முடிவு செய்கிறான். வெளியார் சொல்லும் இழிசொல்லை மறுக்க வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வராதபோது, அந்த இழிசொல்லே உண்மையென்று நம்பத் தொடங்குகிறான்.

அதன்பின் நிகழ்வன நமக்குப் பழக்கமானவை. பெற்றோர் கூட்டத்துக்குரிய கடிதம் வீடு வந்து சேர்வதில்லை. "நீங்கள் வர வேண்டாம் அம்மா, ஆசிரியை கேட்கவில்லை" என்கிறாள் மகள். நண்பனை வீட்டுக்கு அழைத்துவர மகன் மறுக்கிறான். விலாசம் எழுதும் இடத்தில் வேறு வீதியின் பெயரை எழுதுகிறான். தாய் இதனைப் பொய்யென்று கண்டு கோபிக்கிறாள். பொய்தான், ஆனால் அது வலியிற் பிறந்த பொய்.

அட்லர் கண்ட இரு முகங்கள்

தாழ்வுணர்ச்சியைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் வியன்னா நகர மருத்துவர் அல்பிரட் அட்லர். 1870 இற் பிறந்த அவர், இளமையில் எலும்பு மென்மை நோயால் ஓடியாட முடியாதிருந்தவர். முதலாம் உலகப் போருக்குப் பின் அந்நகரிற் பிள்ளைகளுக்கான ஆலோசனை நிலையங்கள் பலவற்றை அவர் நிறுவினார். எல்லாப் பிள்ளைகளும் தம்மைச் சிறியவராக உணர்வது இயல்பே என்றும், அதுவே வளர்வதற்குத் தூண்டுகோல் என்றும் அவர் கூறினார். ஆனால் அவமதிப்பு மேன்மேலும் சேரும்போது அவ்வுணர்ச்சி நோயாகிறது. அப்போது அது இரு முகம் கொள்கிறது. ஒரு பிள்ளை ஒடுங்கி மூலையிற் சென்று அமர்கிறது. மற்றொரு பிள்ளை முரடனாகி, எவரையும் மதியேன் என்று திரிகிறது. முதற் பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். இரண்டாம் பிள்ளையை அடிக்கிறோம். இருவர்க்கும் நோய் ஒன்றே என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரு தீவு கற்பித்த பாடம்

இந்நிலையிற் பிறந்த பிள்ளைக்கு உய்வே இல்லையோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பசுபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் என்னும் தீவு நமக்குத் தைரியம் தருகிறது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு அது. அத்தோட்டங்களில் உழைக்க ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தோரின் சந்ததியார் அங்கே பெருந்தொகையினர். தோட்டங்கள் சூழ்ந்த நம் மலைநாட்டு வாசகர்க்கு இக்காட்சி அந்நியமாகாது.

அத்தீவில் 1955 ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்னும் உளவியலறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். ஏறத்தாழ 200 பிள்ளைகள் மிகக் கடினமான சூழலில் வளர்ந்தனர். வறுமை, பிறப்பின்போது நேர்ந்த இடர், குடிகாரத் தந்தை, மனநோயுற்ற தாய், ஓயாத சச்சரவு என்பவற்றுட் பல அவர்களைச் சூழ்ந்திருந்தன. எல்லாருமே கெட்டழிவர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் திறமையும் உடைய நன்மக்களாகவே வளர்ந்தனர். இளமையில் வழிதவறியோருட் பலரும் முப்பது வயதுக்குப் பின் நிலைபெற்றனர்.

அவர்களைக் காத்தது எது? பணமன்று. முதலாவது, உள்ளன்போடு தம்மை நேசித்த, மனநிலை தளராத ஒரே ஒரு பெரியவரேனும் அவர்களுக்கு இருந்தார். அவர் தாயாகவோ தந்தையாகவோ இருக்க வேண்டுமென்பதில்லை. பாட்டியாக, சித்தியாக, மூத்த அக்காளாக, ஆசிரியராக இருந்ததுண்டு. இரண்டாவது, வீட்டிற் பிறர்க்குப் பயன்படும் பொறுப்பொன்று அவர்களிடம் இருந்தது. தம்பியைப் பார்த்துக்கொள்வதும் வீட்டு வேலையிற் பங்கு கொள்வதும் "நான் வேண்டப்பட்டவன்" என்ற எண்ணத்தை அவர்களுக்கு ஊட்டின.

ஒரு பெரியவர், ஒரு பொறுப்பு. இவ்விரண்டும் லயன் வீட்டிலும் கிடைக்கக்கூடியவை.

வீட்டிற் செய்யக்கூடியவை

முதலாவதாக, தொழிலைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுங்கள். "நீயாவது இந்தக் கதிக்கு வராதே" என்று மட்டும் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை, தன் தந்தையின் வாழ்வு ஓர் இழிகதி என்றே கற்றுக்கொள்கிறது. மகன் உயர்தொழில் பெற வேண்டுமென விரும்புவது நியாயமே. ஆனால் அதே மூச்சில், "அப்பா வடிகாலைத் துப்புரவு செய்யாவிட்டால் நுளம்பு பெருகும், டெங்கு வரும், 2020 இல் ஊரடங்கிய நாட்களிலும் எங்கள் வேலை நிற்கவில்லை" என்று சொல்லலாமன்றோ? இதில் மிகையில்லை, முழு உண்மை. உண்மையைத் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பிற் பதில் சொல்ல நா எழும்.

இரண்டாவதாக, நாள்தோறும் பத்து நிமிடமேனும் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். விடியுமுன் வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய்க்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கீரை ஆயும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கேட்கலாம். "எத்தனை மார்க் எடுத்தாய்?" என்பதற்கு முன், "இன்று யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். பிள்ளை ஓர் அவமதிப்பைச் சொன்னால், "அதையெல்லாம் பெரிதுபடுத்தாதே" என்று மூடிவிட வேண்டாம். உடனே சண்டைக்குப் புறப்படவும் வேண்டாம். "அது உனக்கு வலித்திருக்கும்" என்ற ஒரு சொல் முதலில் வரட்டும்.

மூன்றாவதாக, கையையும் நாவையும் அடக்குங்கள். பாடசாலைகளிற் பிரம்படி கூடாதெனக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வராது. நாமே விடுத்துக்கொள்ள வேண்டும். ஊரார் சொல்லும் இழிசொல்லையே தாயும் கோபத்திற் சொன்னால் அப்பிள்ளை ஒதுங்க வேறு நிழலில்லை. கோபத்திற் சொல்லிவிட்டால், பின்னர் அழைத்து, "அப்பா சொன்னது தவறு" என்று சொல்லுங்கள். அதனால் மரியாதை குறையாது, வளரும்.

நான்காவதாக, உங்களையே வாட்டிக்கொள்ளாதீர்கள். டொனால்ட் வினிகொட் என்னும் ஆங்கிலக் குழந்தை மருத்துவர், பிள்ளைக்குக் குறையேயில்லாத தாய் தேவையில்லை என்று 1950 களில் எழுதினார். போதிய அளவு நல்ல தாயே போதும் என்பது அவர் முடிவு. அயர்ந்து உறங்கிய இரவுகளும் பொறுமை இழந்த மாலைகளும் எல்லாத் தாய்மார்க்கும் உண்டு.

பெற்றோர் மனமும் நோகும்

பிள்ளைக்கு நிழலாக நிற்பவர்க்கும் நிழல் வேண்டும். தந்தை அவமதிப்பைச் சுமந்து வந்து மதுவில் இறக்கிவைக்க முயலும் வீடுகள் உண்டு. இறங்குவது பாரமன்று, பிள்ளையின் சோறும் தாயின் நிம்மதியுமே. பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணமின்றி அழும் தாயைப் "பேய்க் குணம்" என்று ஒதுக்குவோரும் உண்டு. அது மருந்தாலும் ஆறுதலாலும் தீரக்கூடிய நோய். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் குழந்தையின் நிறையை மட்டுமன்றித் தாயின் மனநிலையையும் சொல்லுங்கள்.

பிள்ளை இரு வாரங்களுக்கு மேல் உறக்கமும் உணவும் குறைந்திருந்தால், பாடசாலை நாட்களிற் காலைதோறும் வயிற்று வலி சொன்னால், நண்பரை விட்டு விலகினால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று வாய்விட்டால், காத்திருக்க வேண்டாம். சாக நினைக்கிறாயா என்று அன்போடு நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பாரம் இறங்கவே வழி பிறக்கும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. மனநல வைத்தியரைப் பார்ப்பது பைத்தியத்தின் அடையாளம் என்னும் பழைய எண்ணத்தை நம் வீடுகளிலிருந்து கூட்டித் தள்ளுவோம்.

நம் பங்கு

இத்தனையும் மஹய்யாவத் தாய்மார்க்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளல் தகாது. வெட்கம் அவர்கள் வீட்டிலே பிறந்ததன்று. நம் வீடுகளிலே பிறந்து அங்கே அனுப்பப்பட்டது. "அந்தப் பக்கத்துப் பிள்ளையோடு சேராதே" என்று நாம் சமையலறையிற் சொன்ன சொல்லையே நம் பிள்ளை மறுநாள் வகுப்பிற் சொல்கிறது. ஒரு சிலர் செய்த குற்றத்தைப் பத்திரிகையிற் கண்டு முழு ஊரின்மீதும் பழி சுமத்துவோரும் நாமே. வகுப்பறையில் எல்லார் முன்னிலையிலும் தந்தையின் தொழிலைக் கேட்காத ஆசிரியர் ஒருவர் பல பிள்ளைகளின் உறக்கத்தைக் காப்பாற்றுகிறார்.

வள்ளுவர் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் பரீட்சைக்கு மனனம் செய்விக்கும் நாம், வீதியைக் கூட்டுகிறவரைக் காணும்போது பிள்ளையின் முன்னிலையில் ஒரு காலை வணக்கம் சொல்கிறோமா? நாளைக் காலையிலேயே தொடங்கலாம். வணக்கம் பெற்ற தந்தை வீடு திரும்பும்போது, அவர் நிமிர்ந்து வருவதை வாசலில் நிற்கும் பிள்ளை காணும். தன் விலாசத்தைத் தலைநிமிர்ந்து சொல்ல அது கற்றுக்கொள்வதும் அங்கேதான்.