தீவுக்கு ஒரு சுற்றுலா

செவ்வாய்தோறும் சந்தை கூடும் நம் காரிமங்கலத்தில் வணிகர்களுக்கு ஓய்வு என்பது எட்டாக்கனி. ஆயினும், சனிக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டு, நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்தால், ஞாயிறு முழுவதும் இராமேஸ்வரம் தீவில் கழிக்கலாம். திங்களன்று திரும்பிச் சந்தைச் சரக்கையும் கவனிக்கலாம். சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக இரவுப் பயணம்.

மண்டபம் தாண்டியதும் இருபுறமும் கடல். நாம் செல்வது 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம். 1914-ஆம் ஆண்டின் ரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே மேலே எழும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

கோயிலில் 22 தீர்த்தங்களில் நீராடி, நெடிய பிரகாரம் சுற்றி வர அரை நாள் ஆகும்.

பிற்பகலில் தனுஷ்கோடி. மாலைக்குப் பிறகு அனுமதியில்லை. சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் தலைமன்னாருக்குக் கப்பலேறிய ஊர் இது. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், கடைகள் என்று செழித்திருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் எல்லாம் போயிற்று. பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டது. இன்று இடிந்த தேவாலயச் சுவர்களும், சங்கு, சிப்பி விற்கும் சிறு கடைகளுமே மிச்சம்.

அங்கே நின்று வணிக நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: கடைச் சரக்குக்குத் தீ, வெள்ளக் காப்பீடு உண்டா? கடன் நோட்டுக்கு வீட்டில் ஒரு நகல் உண்டா? இல்லையென்றால், ஊர் திரும்பியதும் அதுவே முதல் வேலையாகட்டும்.